தாய்மாமன் சம்மதம்

தொண்டை கட்டிவிட்டது என்று சைகையிலேயே எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. கையைக் கழுத்தில் வைத்து, முகத்தைச் சுளித்து, தலையை இரண்டு பக்கமும் ஆட்டினால் போதும், ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள். நம்புவதோடு விடுவதில்லை, வைத்தியமும் சொல்கிறார்கள். மிளகைக் கடித்து வெந்நீர் குடி என்கிறார் ஒருவர். பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொள் என்கிறார் இன்னொருவர். மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி சமையல் ஆளை விரட்டி ஒரு டம்ளர் வெந்நீரே வாங்கி வந்து கையில் திணித்துவிட்டாள். பெண்ணுக்குத் தாய்மாமன், அதிலும் பெண்ணுக்கு அப்பா இல்லை, இன்றைக்கு அந்த இடத்திலும் நான்தான் நிற்க வேண்டும், என்னை நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று வேனில் வரும்போதே பேசிக்கொண்டு வந்திருப்பார்கள். என் தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. வாயைத் திறந்தால் நான் யாரென்று மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். என் முகம் அவனுக்குத் தெரியாது. அவன் முகமும் எனக்குத் தெரியாது, அக்கா அனுப்பிய போட்டோவில் பார்த்தது தவிர. குரல் தெரியும். திண்டுக்கல்லில் நிச்சயதார்த்தம் நடக்கும் இந்த ஏசி ஹாலின் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன், அவர்கள் வேனிலிருந்து இறங்கினார்கள், நீலச் சட்டைக்காரன் ஒருவன் என் அக்காவைப் பார்த்துக் கைகூப்பி, “நல்லா இருக்கீங்களா அத்தை” என்றான். சொல்வதற்கு முன்னால் எச்சிலை விழுங்கும் ஒரு சின்னச் சத்தம். பிறகு முதல் வார்த்தையை மெதுவாகக் கீழே வைப்பதுபோல ஒரு தயக்கம். எனக்குப் பழகிய குரல். இந்த ஊரில் எச்சில் விழுங்காதவன் யார், எத்தனையோ பேருக்கு எத்தனையோ குரல், ஒன்றுபோல ஒன்று இருக்காதா என்று சொல்லிக்கொண்டேன். அவன் என் பக்கம் திரும்பி, “வணக்கம் மாமா” என்றான். வணக்கம் சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டு கையைக் கழுத்தில் வைத்தேன். அப்போது ஆரம்பித்த தொண்டைக்கட்டுதான்.

எல்லாம் நானே தேடிக்கொண்டது. காலையில் கல்லூரியில் மனோதத்துவம் சொல்லிக்கொடுக்கிறேன், சாயங்காலம் ஒரு போன் ஆலோசனை மையத்துக்கு வேலை பார்க்கிறேன். அக்கா சம்பந்தக்காரர்களிடம் முதல் பாதியை மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். என் தம்பி காலேஜ் புரொபசர், அதோடு சரி. மனசு சரியில்லாதவங்களோட பேசறவன் என்று சொன்னால், ஏன், உங்க வீட்ல யாருக்காவது அந்த மாதிரி இருக்கா என்று கேட்டுவிடுவார்களாம். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த மையத்தில் ஒரு வழக்கம் உண்டு, என் யோசனையில் வந்த வழக்கம், பெயர் கேட்கக் கூடாது. நம் ஊரில் பெயரைக் கேட்டால் அப்பா பெயர் வரும், அப்பா பெயர் வந்தால் ஊர் வரும், ஊர் வந்தால் எந்தத் தெரு என்று கேட்காமல் வாய் நிற்காது, தெரு வந்துவிட்டால் மிச்சத்தைக் கேட்கவே வேண்டியதில்லை. அதற்கப்புறம் பேசுகிறவன் மனசைத் திறந்தா பேசுவான்? அதனால் அவர்கள் ஏதாவது ஒரு பெயரை வைத்துக்கொள்ளலாம், முகம் காட்ட வேண்டாம், எங்கள் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. சார், அல்லது மேடம். அதே சாரிடம்தான் பேச வேண்டும் என்று கேட்டால் அதே சாருக்கு லைன் போட்டுக் கொடுப்பார்கள். இதைப் பற்றி ஒரு கருத்தரங்கில் கட்டுரைகூட வாசித்தேன், எழுந்து நின்று கைதட்டினார்கள். இந்த மாப்பிள்ளை அங்கே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் முகில். சொந்தப் பெயர் ஹரிபாஸ்கர் என்று போன மாதம் அக்கா ஜாதகத்தோடு அனுப்பியபோது நல்ல பெயராக இருக்கிறதே என்று பதில் போட்டேன். பெயர் கேட்டிருந்தால், ஊராவது கேட்டிருந்தால், அன்றைக்கே இந்த ஜாதகம் திரும்பிப் போயிருக்கும். போயிருக்குமா? எதைச் சொல்லித் திருப்பியிருப்பேன்? இதே சங்கடம் ஒரு மாதம் முன்னால் வந்திருக்கும், வேறென்ன. ஆனால் ஒரு மாதம் இருந்திருக்கும். இப்போது ஐயர் வந்து உட்கார்ந்துவிட்டார், தட்டுகளைச் சமுக்காளத்தில் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள், ஆப்பிள், ஆரஞ்சு, கல்கண்டு, பட்டுப் புடவை, ஒரு தட்டில் முழுக்க மல்லிகைப்பூ. ஏசி எனக்கு நேர் மேலே சொட்டுகிறது. நகர்ந்து உட்காரலாம், உட்காரவில்லை.

முகில் முதலில் போன் செய்தபோது ஒன்றுமே பேசவில்லை. எச்சில் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்த வாரம் பேசினான். ஆண்கள்மீதுதான் தனக்கு ஈர்ப்பு என்பதைச் சொல்ல அவனுக்கு அதற்கப்புறமும் பல வாரம் ஆயிற்று. அதுவரைக்கும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலையில் மனசு போகவில்லை என்று சுற்றிச் சுற்றி வந்தான், நானும் அவன் பின்னாலேயே சுற்றினேன், அவசரப்படுத்தவில்லை. சொன்ன அன்றைக்கு அழுதான். அது நோய் இல்லை, குறை இல்லை, மாற்றவேண்டியதும் இல்லை, மாற்றுகிறேன் என்று யாராவது கிளம்பினால் அவர்களிடம் போகாதீர்கள் என்று சொன்னேன். யாரும் இதுவரைக்கும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை சார் என்றான். சேலத்தில் ஒருவனோடு சிநேகம் இருந்திருக்கிறது. அவனுக்கு வீட்டில் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள், இவன் அந்தக் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ரூமுக்கு வந்து மாத்திரைகளை விழுங்கினான். பக்கத்து அறைக்காரன் பார்த்ததால் பிழைத்தான். வீட்டுக்குச் சொன்ன காரணம் ஃபுட் பாய்சன். அதற்குப் பிறகுதான் எங்கள் எண்ணைத் தேடிப் பிடித்திருக்கிறான். “வெளிய தெரிஞ்சுதுன்னா நான் இருக்க மாட்டேன் சார்.” இதைப் பயமுறுத்துவதுபோல அவன் சொன்னதே இல்லை. நாளைக்கு ஆபீஸ் லீவு என்று சொல்வதுபோலச் சொன்னான். அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்துத்தான் நாங்கள் பயப்பட வேண்டும். நான் பயந்தேன், வாராவாரம் பயந்தேன், அவன் போன் வரும் நேரத்துக்கு ஐந்து நிமிஷம் தாமதமானால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தப் பையனை எனக்குப் பிடிக்கும். சொல்லக் கூடாது, இருந்தாலும் பிடிக்கும். ஒரு வருஷத்தில் தூக்கம் வந்தது, சாப்பாடு இறங்கியது, ஒருநாள் எதற்கோ சிரித்தான், எனக்கு ரிசீவரை வைத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டும்போல அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு பெண் பார்க்கிறார்கள் என்றான். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து போயிருக்கிறது, கண்ணை மூடுவதற்குள் ஒரு கல்யாணம் என்கிறார். என்ன செய்யட்டும் சார்? முடிவு உங்களுடையது, அந்த முடிவுக்கு நீங்கள் வந்து சேர நான் கூட இருப்பேன் என்றேன். இதுதான் எங்கள் தொழிலின் பாடம், பிசகாமல் சொன்னேன். பொண்ணு வீட்ல யாராவது வேண்டாம்னு சொல்லிட்டா தப்பிச்சிருவேன் சார் என்றான். உங்கள் முடிவை வேறு யாராவது எடுத்துக் கொடுக்கக் காத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். நல்ல கேள்வி, மாணவர்களுக்கு உதாரணமாகச் சொல்லக்கூடிய கேள்வி. அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்வதைப் பற்றி யோசித்தீர்களா என்றும் ஒரு தடவை கேட்டேன். அவன் தேம்ப ஆரம்பித்தான். நான் விட்டுவிட்டேன். அழுகிறவன் என்னுடைய ஆள், அந்தப் பெண் யாரோ ஒருத்தி, எங்கேயோ ஒரு ஊரில் புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு வரப்போகிறவள். அவளுக்காக நான் கவலைப்படவில்லை என்று சொல்ல முடியாது. பட்டேன், போனை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போகும் தூரத்துக்குப் பட்டேன். வீட்டில் தோசை இருந்தது, சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். அந்தப் பெண் யாரோவாக இருந்தவரைக்கும் தொழிலின் விதி எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று இந்தச் சொட்டும் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து யோசிக்கிறேன். இன்றைக்கு அந்த யாரோ ஒருத்தி என் அக்கா மகள் மித்ரா. என் தோளில் தூங்கியபடி எச்சில் வடித்தவள், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது என் முழங்காலை உடைத்தவள். உடனே நெஞ்சு பதறுகிறது. எல்லாப் பெண்ணும் யாரோ ஒருத்தனுக்கு மித்ராதானே? அப்படிப் பதறியிருக்க வேண்டியது அன்றைக்கு. இந்த நினைப்பே அருவருப்பாக இருக்கிறது, ஆனாலும் பதறுவது நிற்கவில்லை, மித்ராவுக்காக மட்டும்தான் பதறுகிறது.

எழுந்து படியிறங்கிப் போய் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று ஹெலன் மேடத்துக்குப் போன் செய்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், இப்போது சென்னையில் மகளோடு இருக்கிறார், சிக்கலான கேஸ் என்றால் இன்றைக்கும் அவரிடம்தான் கேட்பேன். பெயர் எதுவும் சொல்லாமல் கேட்டேன். ஒருத்தர் நம்மிடம் சொன்ன ரகசியத்தால் இன்னொருத்தர் வாழ்க்கை பாழாகப்போகிறது, அந்த இன்னொருத்தரை நமக்குத் தெரியும், என்ன செய்யலாம். மேடம் நிதானமாக, யார் உயிருக்காவது ஆபத்து இருக்கிறதா என்று கேட்டார். சொன்னால் ஒருத்தர் உயிருக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை என்றேன். அப்படியென்றால் சொல்லக் கூடாது, அதில் யோசிக்க ஒன்றுமே இல்லையே என்றார். யோசிக்க ஒன்றுமில்லைதான். உயிருக்கு ஆபத்து என்றால் வாயைத் திறக்கலாம் என்று விதியில் போட்டிருக்கிறார்கள். ஒருத்தி தினமும் காலையில் எழுந்து தன்னிடம் என்ன குறை என்று கண்ணாடியைப் பார்த்து யோசித்து யோசித்தே வயசாகிப்போவதை ஆபத்து என்று எங்கேயும் போடவில்லை. ரத்தம் வராது, அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான், நல்லவன், வருஷம் தவறாமல் பட்டுப் புடவை எடுத்துக் கொடுப்பான். பக்கத்து வீட்டுக்காரி பொறாமைப்படுவாள். மேடம் விடவில்லை, கேட்டார்.

“அந்தப் பொண்ணு உங்களுக்கு யாரு?”

“யாரோ ஒரு பொண்ணு மேடம்.”

மேலும் பேசினால் குரல் உடைந்துவிடும் என்று சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு நாளில் இன்னும் எத்தனை பொய். ஹெலன் மேடத்திடம் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அந்த ஹாலைவிட்டு உடனே வெளியே வாருங்கள், ஆலோசகனுக்கு ஒருவரிடத்தில் இரண்டு உறவு கூடாது என்பார். வெளியே வந்தால் தாய்மாமன் ஏன் எழுந்து போனான் என்று நூறு வாய் பேசும். கடைசியில் அது மித்ரா தலையில் வந்து விடியும். அக்கா ஏற்கெனவே ஒரு தடவை பட்டிருக்கிறாள். போன வருஷம் பேசி முடித்த ஒரு சம்பந்தம், புடவைகூட எடுத்தாயிற்று, மாப்பிள்ளைப் பையன் கூட வேலை பார்க்கிறவளைக் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டு வந்துவிட்டான். அந்த வாரம் முழுக்க அக்கா கேட் பக்கமே வரவில்லை. பால்காரரிடம்கூட மித்ராதான் போய் வாங்கினாள், நிமிர்ந்து நின்று வாங்கினாள் என்று அக்கா சொல்லி அழுதாள். இன்னொரு தடவை என்றால் அக்கா தாங்க மாட்டாள். இதை நான் காரணமாகச் சொல்கிறேனா, சாக்காகச் சொல்கிறேனா? படியேறி வரும்போது ஒவ்வொரு படியிலும் இதையே கேட்டுக்கொண்டு வந்தேன். எது தர்மம், எது என் கோழைத்தனம் என்று பிரித்துப் பார்க்கப் படித்தவன் நான், மற்றவர்களுக்குப் பிரித்துக் காட்டிச் சம்பளம் வாங்குகிறவன், எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஒன்றே ஒன்று செய்யலாம் என்று தோன்றி மித்ராவை உட்காரவைத்திருந்த அறைக்குப் போனேன். அவளாக வேண்டாம் என்றால் யாருக்கும் கேடில்லை, ரகசியமும் ரகசியமாக இருக்கும். அறையில் பவுடர் வாசனை, ஹேர்ஸ்பிரே வாசனை, அலங்காரம் செய்யும் பெண் அவள் தலையில் ஊசிமேல் ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தாள். கொஞ்சம் வெளியே இரம்மா என்று அந்தப் பெண்ணைக் கையால் அனுப்பினேன். மித்ராவிடம் தொண்டைக்கட்டு வேஷம் தேவையில்லை, ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருக்கிறான், கிசுகிசுப்பாகத்தான் கேட்டேன். உனக்கு முழுச் சம்மதம்தானா கண்ணு, யோசிக்க டைம் வேணும்னா மாமாகிட்ட சொல்லு, நான் பார்த்துக்கறேன். அவள் சிரித்தாள். பயந்தவள் சிரிக்கும் சிரிப்பைத் தேடினேன், அது இல்லை. முன்னால் வந்தவர்கள் எல்லாம் சமைக்கத் தெரியுமா, வேலையை விடுவாயா என்றுதான் கேட்டார்களாம், இவன் அப்படி இல்லையாம். போன வருஷம் அந்தச் சம்பந்தம் முறிந்ததைப் பற்றிச் சொன்னாளாம், இவன் ஆறுதல் சொல்லவில்லையாம், அந்தப் பையனைத் திட்டவும் இல்லையாம்.

“கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, ‘அது உனக்கு எப்படி இருந்துச்சு?’ன்னு கேட்டாரு மாமா. இத்தனை நாள்ல என்கிட்ட யாருமே அப்படிக் கேக்கல. நான் போன்லயே அழுதுட்டேன்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பது, பிறகு அது உனக்கு எப்படி இருந்தது என்று கேட்பது, இரண்டும் நான். வாராவாரம் நான் அவனுக்குச் செய்தது. அவன் திட்டம் போட்டு எடுத்துக்கொண்டான் என்று நினைக்கவில்லை. ஒரு வருஷம் ஒருவர் உன்னைக் காதுகொடுத்துக் கேட்டால் உனக்கும் கேட்க வந்துவிடும், இதைத்தான் குணமாவதற்கு அடையாளம் என்று வகுப்பில் சொல்லுவேன். என் மருமகள் அந்தக் கேள்வியில் விழுந்துவிட்டாள். அவளுக்கு அவனைப் பிடித்திருப்பதற்குக் காரணம் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது. இனி என்ன சொல்லி அவளைத் திருப்புவேன்? அவ்வளவு நன்றாகக் கேட்கிறவனை நம்பாதே என்றா? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்ல மாமா என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் கை சில்லென்று இருந்தது, மருதாணி நன்றாகப் பிடித்திருந்தது, உள்ளங்கையில் வட்டம், விரல் நுனிகளில் தொப்பி. ஊசிக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள், டைம் ஆச்சு சார் என்றாள். வெளியே வந்துவிட்டேன்.

கை கழுவுமிடத்தில் அவன் நின்றிருந்தான், தனியாக. இப்படித் தனியாக அகப்படுவான் என்று நினைக்கவே இல்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான், உதட்டை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து. என்னைக் கண்டதும் குழாயைத் திறந்துவிட்டு எனக்கு இடம் விட்டு நகர்ந்தான். போட்டோவில் இருந்ததைவிட மெலிந்திருந்தான், கழுத்தெலும்பு தெரிந்தது. சாப்பாடு மறுபடி இறங்கவில்லை போலிருக்கிறது, போன வாரம் சொல்லவே இல்லையே என்று தொழில்காரன் புத்தி ஓடியது. ஒரே வார்த்தை போதும். முகில் என்று சொன்னால் போதும். சொல்லிவிட்டுச் சும்மா நின்றால் போதும், அவனாக ஹாலுக்குப் போய்த் தட்டு மாற்றுவதை நிறுத்திவிடுவான். நிறுத்திவிட்டு? நேரே ரூமுக்குப் போவான், மாத்திரைப் பட்டையைப் பிரிப்பான். ஒளிந்துகொள்ளத்தான் அந்தக் குரலிடம் வந்தான். அந்தக் குரலுக்கு ஒரு முகம் இருக்கிறது, அந்த முகம் கல்யாணவீட்டில் சந்தனம் பூசிக்கொண்டு நிற்கிறது, பெண்ணின் மாமன் என்று தெரிந்தால் அவன் எங்கே போய் ஒளிவான்? குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவன் சட்டைப்பையில் துழாவி இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினான். எச்சிலை விழுங்கிக்கொண்டு, இதைப் போட்டுக்கங்க மாமா, எனக்கும் டென்ஷன்னா தொண்டை அடைக்கும், எப்பவும் வச்சிருப்பேன் என்றான். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். பெற்ற பிள்ளை கொடுத்ததுபோல இருந்தது, தொண்டை நிஜமாகவே அடைத்துக்கொண்டது.

இப்போது எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், நடுவில் தட்டுகள். அக்கா புருஷனில்லாதவள் என்று பின்வரிசையில் போய் உட்கார்ந்திருக்கிறாள், எத்தனை சொல்லியும் முன்னால் வரவில்லை, அங்கிருந்தே என்னைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்காதே அக்கா. மாப்பிள்ளையின் அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறார், அவரையும் பார்க்க முடியவில்லை, அந்த நெஞ்சுவலியின் முழு வரலாறும் எனக்குத் தெரியும். வேண்டாம் என்று நான் சொன்னால் என்ன ஆகும்? காரணம் கேட்பார்கள். ஜாதகம் சரியில்லை என்றால் சிரிப்பார்கள், ஜாதகத்தை நான் கேலி பண்ணிய கேலி கொஞ்சமா. காரணமில்லை, பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லலாம். தாய்மாமன் முறுக்கிக்கொண்டான் என்று ஊர் சொல்லும், சொல்லட்டும். மித்ரா என்னோடு பேச மாட்டாள், பேசாமல் போகட்டும், இரண்டு வருஷத்தில் வேறு ஒருத்தன் வருவான். இவனும் தப்பித்துவிடுவான், யாராவது வேண்டாம்னு சொல்லிட்டா என்று கேட்டது இதைத்தானே. இது ஒன்றுதான் வழி, இதில் இரண்டு பேரும் பிழைக்கிறார்கள், ரகசியமும் போகவில்லை, எனக்கு மட்டும்தான் கெட்ட பெயர். இது இவ்வளவு நேரம் ஏன் தெளிவாகத் தோன்றவில்லை? தோன்றியது, படியேறும்போதே தோன்றியது, அவன் சொன்னதை வைத்து அவன் வாழ்க்கையில் நான் கைவைப்பது தப்பு என்று தள்ளிவிட்டேன். தப்புதான். தப்பையே செய்தால் என்ன? சொல்லிவிடு, எழுந்து நின்று சொல்லிவிடு. மனசு ஓடுகிறது, கால் மரத்துப்போய் இருக்கிறது, சம்மணம் போட்டு உட்கார்ந்து பழக்கம் விட்டுப்போயிற்று.

மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் செருமினார். இன்னார் பேத்தி இன்னார் மகளை இன்னார் மகனுக்கு என்று முறையாகச் சொல்லி முடித்து, சபையோருக்குச் சம்மதமா என்றார். சம்மதம் என்று நாலு பக்கமிருந்தும் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். அவர்கள் பக்கத்தில் பெண்ணின் தாய்மாமன் வாய்விட்டுச் சம்மதம் சொன்ன பிறகுதான் தட்டைத் தொடுவார்களாம், இது எனக்குத் தெரியாது, அக்கா சொல்லவில்லை. நான் கையைக் கழுத்தில் வைத்தேன். தலையை ஆட்டினாப் போதும் விடுங்க என்று எங்கள் பக்கத்தில் யாரோ சொன்னார்கள். பெரியப்பா கேட்கவில்லை.

“மெதுவாச் சொன்னாலும் சரிதாங்க, வாயால சொல்லணும். தாய்மாமன் சம்மதமா?”

மித்ரா கதவோரம் பச்சைப் புடவையில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். வேண்டாம். வேண்டாம் என்ற சொல் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது, மிட்டாயோடு சேர்ந்து இனித்தது. அவள் புருவத்தை உயர்த்தினாள், என்ன மாமா, சொல்லுங்க என்பதுபோல. “சம்மதம்” என்றேன். கிசுகிசுப்பாகச் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் குரலைத் தாழ்த்தினேன், ஆனால் தாழ்த்திய குரல்தான் என் போன் குரல். வகுப்பில் கத்துகிற, வீட்டில் சிடுசிடுக்கிற குரல் அவனுக்குத் தெரியாது, இதுதான் தெரியும். அவன் தலை சட்டென்று நிமிர்ந்தது. என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், பயம் வரும் என்று எதிர்பார்த்தேன், இரண்டும் வரவில்லை, போன் பேசி முடித்ததும் எதிர்முனையில் ஒரு வெறுமை கேட்குமே, அப்படி ஒன்று வந்தது. பெரியப்பா தட்டைத் தூக்கி என் கையில் கொடுத்தார். நான் வாங்கினேன், எங்கள் தட்டைக் கொடுத்தேன். கெட்டிமேளத்தைப் போனில் போட்டு மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அக்கா அழுதுகொண்டே கன்னத்தைத் துடைத்தாள்.

மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். முதலில் தாய்மாமன் காலில் விழுங்க என்று மித்ராவையும் அவனையும் பெண்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். யாரோ என் கையில் அட்சதையைக் கொட்டினார்கள். இரண்டு பேரும் குனிந்தார்கள், மித்ரா முதலில் எழுந்துவிட்டாள், அவன் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. எழுந்தவன் என் முகத்துக்குப் பக்கத்தில் நின்றான். மைக்கில் மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது, எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். எச்சிலை விழுங்கினான்.

“இனிமே நான் யார்கிட்ட பேசுவேன் சார்?”

அவன் உதடு ‘சார்’ என்று அசைந்ததை மித்ரா பார்த்துவிட்டாள். அவன் கையைச் செல்லமாகத் தட்டி, என்ன சார்னு கூப்பிடறீங்க, மாமான்னு கூப்பிடுங்க என்றாள். அவன் எங்கள் இருவரையும் பார்த்து, கண்ணாடி முன்னால் பழகிய அந்தச் சிரிப்பைச் சிரித்தான். பின்னால் வரிசை நின்றது, போட்டோக்காரர் இந்தப் பக்கம் பாருங்க என்றார். நான் கையிலிருந்த அட்சதையை இரண்டு பேர் தலையிலும் போட்டேன்.